ஒடிந்த எலும்பு சேர்வது எப்படி?

ராதாபுரம் பக்கத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேர் விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேப்பமரக் கிளையிலிருந்து விழுந்த பேரனுக்கு முன்கை எலும்பு இரண்டும் ஒடிந்துவிட்டன. மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் அவிழ்த்தார்கள், அடுத்த மாதம் அவன் மறுபடியும் மரத்தில். ஆச்சி முற்றத்தில் வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்தாள். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் வள்ளியூரில் பார்த்த டாக்டரும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி டாக்டரும் ஒரே பேச்சாக ஆபரேஷன் என்கிறார்கள். "பயலுக்கு ரெண்டு எலும்பும் ஒடிஞ்சு தானா சேந்துட்டு. ஆச்சிக்கு ஒத்தக் கீறலுக்கு எதுக்குக் கத்தி?" என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி.

"வயசாயிட்டு" என்பது பாதிப் பதில்கூட ஆகாது. அதே ஆச்சிக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்தால் மாவுக்கட்டிலேயே ஆறேழு வாரத்தில் சேர்ந்திருக்கும். எந்த எலும்பு, அதில் எந்த இடம், எந்த விசையில் முறிந்தது, முறிந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு போகிறது, அங்கே அசைவு எவ்வளவு இருக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்துதான் பதில்.

எலும்பின் அமைப்பு விளங்க, இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிற பனையைப் பார்த்தால் போதும். பனையின் வெளிச்சுற்று வைரம் பாய்ந்திருக்கும். உள்ளே வெறும் சோறு. காற்றையும் சுமையையும் தாங்குவது வெளிச்சுற்றுதான். தொடை எலும்பும் அப்படியே: சுற்றிலும் கெட்டி எலும்பு, நடுவில் மஜ்ஜை. ஆனால் ஒடிவு என்று வந்ததும் ஒப்பு முடிந்துபோகிறது. பனையில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால், மரம் இன்னும் ஐம்பது வருடம் நின்றாலும் அந்த வெட்டு மூடாது. வேம்பும் புளியும் பட்டைக்கடியில் புதிதாக வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். அந்த வளர்படலம் பனைக்குக் கிடையாது. எலும்புக்கு உண்டு. எலும்பைச் சுற்றி இறுக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை எலும்புறை என்று சொல்லலாம். புது எலும்பை உண்டாக்கும் செல்கள் அதன் உட்புறத்தில் எப்போதும் தயாராக இருக்கின்றன.

எலும்பு இரண்டு பொருள்களின் கலவை. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் போட்டு, வினிகரை மாற்றி மாற்றி ஒரு வாரம் வையுங்கள். உப்பு கரைந்து போய், உருவம் மாறாமலே எலும்பு வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். நார் எரிந்து போய், உருவம் மாறாமலே விரலால் அழுத்தினால் பொடியும். உப்பு நசுங்காமல் காக்கிறது, நார் உடையாமல் காக்கிறது. பிள்ளைகளின் எலும்பில் நாரின் பங்கு கூடுதல், எலும்புறையும் தடிமன். அதனால்தான் பேரனின் எலும்பு இரண்டு துண்டாகாமல், ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கிறது. இதைப் பச்சைக்கொம்பு முறிவு என்கிறார்கள். உறை பெரும்பாலும் கிழியாமல் இருப்பதால் எலும்பு இடம் மாறாது, வளரும் செல்களும் சிதையாது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

முறிவின் வடிவத்தைப் பார்த்தே அது எப்படி நேர்ந்தது என்று எலும்பு மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். பைக் மோதி முழங்காலுக்குக் கீழே குறுக்காக அடி விழுந்தால், அடிபட்ட பக்கத்தில் எலும்பு நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். இழுவிசையில் எலும்பு பலவீனமானது என்பதால் விரிசல் எதிர்ப்பக்கத்தில்தான் தொடங்கும். குறுக்காகப் போகும் அந்த விரிசல் சில சமயம் இரண்டாகப் பிரிந்து, முக்கோணத் துண்டு ஒன்றைத் தனியே கழற்றிவிடும். கபடியில் ஒருவனின் பாதத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் உடம்பு மட்டும் திரும்பினால் முறிவு எலும்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். இது சுருள் முறிவு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் முறிந்த பரப்பு நீளமாக இருப்பதால் பெரும்பாலும் நன்றாகச் சேரும். வழுக்கும்போது உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்து கை முள்கரண்டி வடிவில் நெளியும். டப்ளின் நகர மருத்துவர் ஏபிரகாம் காலிஸ் இதை 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே வர இன்னும் எண்பத்தோரு வருடம் இருந்தது. கையின் நெளிவைத் தடவிப் பார்த்தே எழுதினார். அடியே படாமல், ஓயாத நடையாலும் ஓட்டத்தாலும் எலும்பில் விரிசல் விழுவதும் உண்டு. 1855இல் பிரஷ்யப் படைவீரர்களின் வீங்கிய பாதங்களில் முதலில் கவனிக்கப்பட்ட அதை இன்று போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளிடம் பார்க்கிறோம்.

இந்த வட்டாரத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முறிவு ஒன்று இருக்கிறது. பதநீர்க் காலத்தில் பனையேறும் தொழிலாளி ஒரு நாளில் பல மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். பிடி தவறிக் காலூன்றி விழுந்தால் முதலில் நொறுங்குவது குதிகால் எலும்பு. விசை அங்கே நிற்பதில்லை. காலெலும்பு வழியாக மேலேறி, இடுப்புக்கு மேலே முதுகெலும்புக் கண்ணி ஒன்றையும் நசுக்கிவிடுகிறது. குதிகால் நொறுங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகிலும் முறிவு இருக்கும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு. குதிகால் வலி உயிர் போவதாக இருப்பதால் முதுகை யாரும் கவனிப்பதில்லை. தோளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்கி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நசுங்கிய கண்ணியின் துண்டு தண்டுவடத்தைக் குத்துவதற்கு அந்த ஒரு பயணம் போதும். மரத்திலிருந்து விழுந்தவரைப் படுத்த நிலையிலேயே அசையாமல் வைத்திருந்து 108ஐக் கூப்பிடுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள்.

இனி, எலும்பு சேரும் விதம். எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஏராளம். ஒடிந்தவுடன் அவை அறுந்து முறிவைச் சுற்றி ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. தொடை எலும்பு ஒடிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளேயே போய்விடலாம். இந்த ரத்தக்கட்டை வீணாய்ப்போனது என்று நினைத்துவிடக் கூடாது. அதிலிருக்கும் செல்கள் அனுப்பும் ரசாயனச் செய்திதான் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைக்கிறது. முதல் சில நாள் வீக்கமும் சூடும் வலியும் அந்த வேலை நடப்பதன் அறிகுறி. சிதைந்த துணுக்குகளைச் சில செல்கள் அகற்றுகின்றன. புது ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. எலும்புறையிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் வந்த இளஞ்செல்கள் பெருகுகின்றன.

இரண்டு மூன்று வாரத்தில் முறிவைச் சுற்றி ஒரு திரட்சி உருவாகிறது. டாக்டர்கள் காலஸ் என்பார்கள். நாம் முறிவுத் திரள் என்போம். முதலில் இது நாரும் குருத்தெலும்பும். காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, அந்த வகைத் திசு. எக்ஸ்ரேயில் இது சரியாகத் தெரியாது. "மூணு வாரம் ஆச்சு, படத்துல ஒண்ணுமே சேரலியே" என்று பதறி வைத்தியரை மாற்றுகிறவர்கள் பலர். உள்ளே வேலை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும். பிறகு குருத்தெலும்பில் உப்பு படிகிறது. எலும்பாக்கிச் செல்கள் அதை எடுத்துவிட்டு எலும்பை வைக்கின்றன. அவசரத்தில் வைத்த எலும்பு. இழைகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், திருத்தும் வேலை. எலும்புதின்னிச் செல்கள் அமிலம் சுரந்து வேண்டாத எலும்பைக் கரைக்கின்றன. எலும்பாக்கிகள் சுமை விழும் திசையில் புதிதாக அடுக்குகின்றன. எலும்பு தான் சுமக்கும் சுமைக்கு ஏற்பத் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழுகிறது. மாரடைப்பில் செத்த இதயத் தசையும் தழும்பாகத்தான் ஆறுகிறது. எலும்பு ஆறும்போது எலும்பாகவே ஆறுகிறது. பிள்ளைகளுக்கு லேசாக வளைந்து சேர்ந்த கை ஓரிரு வருடத்தில் நேராகிவிடுவதும் இதனால்தான். ஆனால் முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் அந்த முறுக்கு தானாகத் திருந்தாது.

உயிருள்ள உடம்புக்குள் நடக்கும் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தக் கதையின் ஒரு நுனி நம் கடற்கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் முளைக்கும் சாயவேரை இடித்து, பருத்தித் துணிக்கு அழியாத சிவப்பு ஏற்றினார்கள் நம் சாயக்காரர்கள். அந்தத் துணிகள் ஐரோப்பாவைப் பைத்தியமாக அடித்தன. உள்ளூர் நெசவைக் காப்பாற்ற இங்கிலாந்து 1721இல் அச்சடித்த பருத்தித் துணிக்கே தடைச் சட்டம் போட்டது. அங்கே சிவப்பு ஏற்றியது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த மேடர் என்ற செடியின் வேரால். சாயவேரிலும் மேடரிலும் இருக்கும் சிவப்பு ஒன்றே: அலிசரின்.

1736இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர் ஒரு துணி அச்சுக்காரர் வீட்டில் சாப்பிடப் போனார். பரிமாறிய பன்றிக்கறியில் எலும்பு மட்டும் சிவப்பாக இருந்தது. விசாரித்தால், சாயத் துணியை அலசப் பயன்படுத்திய தவிட்டைப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். அலிசரின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். அன்றன்று புதிதாகப் படியும் எலும்பில் போய் ஒட்டிவிடும். பிரான்சில் துஹாமேல் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டார். விலங்குகளுக்குச் சில வாரம் மேடர் கலந்த தீனி, சில வாரம் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலும்பை அறுத்துப் பார்த்தபோது சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள். எலும்பு வெளிப்புறத்தில் அடுக்கடுக்காக வளர்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி. எலும்புறைக்கு அடியில் அவர் செருகி வைத்த வெள்ளிக் கம்பி நாளடைவில் புது எலும்புக்குள் புதைந்துபோயிருந்தது. செத்த கட்டமைப்பு என்று கருதப்பட்ட எலும்பு, ஓயாமல் கட்டப்படும் உயிர்த் திசு என்று தெரிய வந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டிலிருந்து.

1957இல் டெட்ராசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கும் இதே குணம் இருப்பது தெரிந்தது. அது புது எலும்பில் படிந்து, புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்கிறது. சில நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுத்து, பிறகு துளி எலும்பை எடுத்துப் பார்த்தால் இரண்டு கோடுகள் தெரியும். கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அந்த மனிதர் அத்தனை நாளில் கட்டிய எலும்பு. இன்றும் எலும்பு நோய்களில் இந்தச் சோதனை உண்டு.

எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தோன்றும் விளக்கம் அசைவைப் பற்றியது. ஒடிந்த எலும்பை அசையவே விடக்கூடாது என்றுதான் நாம் நினைக்கிறோம். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஆராய்ந்த ஸ்டீபன் பெரன் கேட்ட கேள்வி வேறு: முறிவின் இடைவெளியில் வளரும் திசு எவ்வளவு இழுபட்டால் கிழியும்? முதலில் வரும் இளந்திசு, தன் நீளத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கு இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு பத்து சதவீதம்வரை தாங்கும். எலும்போ இரண்டு சதவீதம் இழுபட்டாலே உடையும். ஆகவே ஆடிக்கொண்டிருக்கும் முறிவில் எலும்பு நேரடியாகப் பிறக்கவே முடியாது. உடம்பு முதலில் இழுபடத் தாங்கும் திசுவை வைத்து ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆட்டம் குறைந்ததும் குருத்தெலும்பு வைக்கிறது. அது இன்னும் குறைத்த பிறகு எலும்பு. திரட்சி எலும்பைவிடத் தடிமனாக இருப்பதும் ஆட்டத்தை அடக்கத்தான்.

அதனால் ஆட்டம் அதிகமானால் எலும்பு சேராது. சரி, ஆட்டமே இல்லாவிட்டால்? இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் என்ற இருவர் செம்மறியாடுகளின் காலெலும்பில் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். வெளிச்சட்டம் பூட்டி அசையாமல் வைத்த கால்களைவிட, நாளுக்குக் கால் மணி நேரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசைத்த கால்கள் சீக்கிரம் கெட்டிப்பட்டன. இன்று தொடை எலும்புக்குள் கம்பி செலுத்திய சில நாளிலேயே வாக்கரைக் கொடுத்து நடக்கச் சொல்வதற்கு இதுதான் நியாயம். மூட்டுக்குள் ஓடும் முறிவு மட்டும் விதிவிலக்கு. அங்கே மேற்பரப்பு ஒரு மயிரிழை பிசகினாலும் மூட்டு தேயும் என்பதால் தகடும் திருகும் வைத்து அறவே அசையாமல் இறுக்குகிறார்கள். அப்படி இறுக்கினால் திரட்சி இல்லாமலே எலும்பு மெல்ல ஊடுருவிச் சேர்கிறது.

நம் ஊரில் ஒடிவு முறிவுக்குக் கட்டுப் போடும் ஆசான்களின் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் ஏன் பலருக்குப் பலித்தன என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இடம் விலகாத முறிவை நேராக வைத்து, சிறு அசைவை அனுமதித்து, தசையை வேலை செய்யவிட்டால் எலும்பு தானாகச் சேரும். அந்த அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டுவதை ஏற்கவே முடியாது. முழங்கைக்கு மேலே ஒடிந்த பிள்ளைக்கு வீக்கம் ஏறும், கட்டு விட்டுக்கொடுக்காது, உள்ளே அழுத்தம் கூடி ரத்தம் நின்று, சில மணி நேரத்தில் முன்கைத் தசை சாகத் தொடங்கும். எலும்பு சேர்ந்திருக்கும், விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மனியின் ஃபோல்க்மன் 1881இல் விவரித்த ஊனம் இது. மாவுக்கட்டிலும் இது நேரலாம். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறினால், விரலை நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், விரல் மரத்தால், குளிர்ந்தால், நீலம் பாய்ந்தால் நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆச்சியின் தொடைக் கழுத்தில் மேலே சொன்ன எந்த வசதியும் கிடையாது. அது மூட்டுப் பைக்குள் இருக்கிறது. வளரும் செல்கள் கொண்ட தடித்த எலும்புறை அங்கே இல்லை. ரத்தக்கட்டு தங்கித் திரட்சி உருவாகவும் மூட்டுத் திரவம் விடாது. தலைப்பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. முறிவு விலகினால் அவை அறுந்து தலைப்பகுதி பட்டுப்போகும். படுக்கையில் வைத்துக் காத்திருந்தால் புண்ணும் நிமோனியாவும் காலில் ரத்த உறைவும் முந்திக்கொள்ளும். திருகு போட்டோ செயற்கைத் தலை வைத்தோ ஆச்சியை ஓரிரு நாளில் எழுப்பி நடத்துவதுதான் உயிரைக் காக்கும் வைத்தியம்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். புரதம் வேண்டும், கால்சியம் வேண்டும், வெயிலிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி வேண்டும். ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பிரண்டையைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா குழுவினர் 1960களில் ஆராய்ந்தார்கள். பிரண்டை கொடுத்த விலங்குகளின் முறிவு விரைவாகக் கெட்டிப்பட்டது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. துவையலாகச் சாப்பிடுவதில் தப்பில்லை. அதை நம்பிக் கட்டைத் தவிர்ப்பது தப்பு. தடையாக நிற்பவற்றில் பீடியும் சிகரெட்டும் முக்கியமானவை. நிகோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. காலெலும்பு முறிந்தவர் புகைத்துக்கொண்டிருந்தால் சேர்வது பல வாரம் தள்ளிப்போகும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படித்தான்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவு தனி உலகம். கிருமி உள்ளே போய்விட்டால் சேரும் வேலை நின்றுபோகும். இப்படிச் சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவு செய்ய, தோல், எலும்பு, தசை மூன்றின் சேதத்துக்கும் நோயாளியின் மற்ற நோய்களுக்கும் மதிப்பெண் போடும் முறையைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் வகுத்து 2006இல் வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் அந்த மருத்துவமனையின் பெயராலேயே அது வழங்குகிறது.

காலைக் காப்பாற்றியும் நடுவில் சில சென்டிமீட்டர் எலும்பு போய்விட்டால் என்ன செய்வது? சைபீரியாவின் குர்கான் நகரத்தில் 1950களில் கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் அதற்கு வழி கண்டார். காலைச் சுற்றி உலோக வளையங்கள் பூட்டி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு இணைத்தார். பிறகு நல்ல எலும்பில், உறையைச் சிதைக்காமல், தாமே ஒரு முறிவை உண்டாக்கினார். ஒரு வாரம் போல விட்டு, இளந்திரள் உருவானதும் திருகாணியைத் திருகி இரண்டு முனைகளையும் மெல்லப் பிரிக்கத் தொடங்கினார். வேகமாகப் பிரித்தால் திரள் அறுகிறது. மிக மெதுவாகப் பிரித்தால் முன்னதாகவே கெட்டிப்பட்டு நீள மறுக்கிறது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நாலு தவணையாகக் கால் கால் மில்லிமீட்டர் என்ற வேகத்தில் புது எலும்பு இடைவெளியில் விடாமல் வளர்ந்துகொண்டே வருகிறது. தோலும் தசையும் நரம்பும் ரத்தக் குழாயும் கூடவே நீள்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் இழந்த காலுக்குத் திருகும் வேலை மட்டும் ஐம்பது நாள்; வளர்ந்தது சுமை தாங்கும் அளவுக்குக் கெட்டிப்பட அதைவிட அதிகக் காலம் ஆகும். சட்டம் காலில் இருக்கும்போதே ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள். அந்த ஊன்றலில்தான் புது எலும்பு கெட்டிப்படுகிறது.